பின்சுவரில் மண் சாய்ந்திருக்கும் வீடு: ஓதம் நிற்க என்ன வழி?

10 நவம்பர் 2024, காலை (கேள்வி, குன்னூரிலிருந்து)

அருவங்காடு பக்கம் மேட்டை வெட்டிக் கட்டிய வீடு. பின்சுவரின் கீழ்ப்பாதி தாத்தா காலத்துக் கருங்கல் கட்டு, மேலே அப்பா 1980களில் எழுப்பிய செங்கல். வெளியே இடுப்புயரத்துக்கு மண் ஒட்டிக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் போதும், உள்ளே சுவர் கறுத்து, பெயின்ட் கொப்புளம் போட்டு உதிரும். போன வருடம் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து உள்பக்கம் கெமிக்கல் பூசிப் பத்து வருட கேரண்டி எழுதிக் கொடுத்தார்கள். இந்த மழையில் அந்தப் பூச்சு அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே ஜன்னல் மட்டத்தில் புதிதாக ஓதம். உள்ளே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. அம்மாவுக்கு இழுப்பு உண்டு, அந்த அறையில்தான் படுக்கிறார். டைல்ஸ் ஒட்டலாமா?

10 நவம்பர் 2024, இரவு (பதில், கோத்தகிரியிலிருந்து)

டைல்ஸ் வேண்டாம் தம்பி. முதல் வேலையாக அம்மாவை முன்பக்க அறைக்கு மாற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த சுவரோரம் இழுப்பு உள்ளவர்கள் படுக்கக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

வெளியே மண் நனைந்து நிற்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் சுவர் அந்த ஈரத்தை இழுத்து, காற்றுப் படுகிற பக்கத்தில் ஆவியாக விடுகிறது. அந்தப் பக்கம் உங்கள் அறை. உள்ளே பூசி அடைத்ததும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அடைப்பு எங்கே முடிகிறதோ அதுவரை ஏறியது. ஜன்னல் மட்டத்தில் தெரிவது அதே பழைய ஈரம்தான். டைல்ஸ் ஒட்டினால் அடுத்த ஐப்பசிக்கு ஜன்னலுக்கும் மேலே, லிண்டல் மட்டத்தில் பார்ப்பீர்கள்.

உள்பக்கம் அடிக்கும் பூச்சு எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் துளைகளுக்குள் ஊடுருவிப் படிகமாக இறுகுகிற சிமெண்ட் வகைப் பூச்சுகள் இருக்கின்றன; நிலத்தடி கார் நிறுத்தங்களின் கான்கிரீட் சுவர்களில் உள்ளிருந்தே அடிக்கிறார்கள், தாங்குகிறது. சாந்து வைத்துக் கட்டிய கருங்கல் சுவர் வேறு. கல்லுக்குக் கல் இணைப்பு, ஒவ்வொரு இணைப்பும் தண்ணீருக்கு ஒரு வழி.

எனக்குச் சில விவரம் வேண்டும். வீட்டுத் தரை மட்டத்தைவிட வெளி மண் எத்தனை அடி உயரம்? மாசி, பங்குனியில் வெயில் காயும்போது சுவர் முழுக்கக் காய்கிறதா, எங்காவது நனைந்தே இருக்கிறதா? உங்களுக்கு மேலே யார் வீடு, அவர்கள் சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது? கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது?

11 நவம்பர் 2024

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. மண் ஒட்டிய சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அதனால் அறைக்குள் இருக்கிற ஈரமும் அதில் படியும். அறை 20 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 14 டிகிரி சுவரில் பனி கோத்துவிடும். நம் ஊரில் கார்த்திகை மாதத்துக்கு இது சாதாரணக் கணக்கு.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு முழத்துக்குப் பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் வெளிமுகத்தில் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஷீட்டுக்குப் பின்னால் முத்து முத்தாக நின்றால் சுவரின் ஈரம். நனைந்த பெயின்டில் டேப் ஒட்டாது. ஓரங்களை மட்டும் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.

சமையல் கேஸையும் கணக்கில் எடுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 22 லிட்டர். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்தால் அது முழுக்கக் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். மழைக்காலத்தில் துவைத்த துணியை அந்த அறையில் கொடி கட்டிக் காயப்போடுவதும் இப்படித்தான்.

இதோடு கட்டாயம் சொல்ல வேண்டியது: சுவர் காயட்டும் என்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கணப்புக்காகக் கரி மூட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனது நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியவே தெரியாது.

14 நவம்பர் 2024

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். தரையைவிட வெளி மண் மூன்றடி உயரம். பாலிதீனுக்குப் பின்னால் தண்ணீர் கோத்திருக்கிறது, வெளிமுகத்திலும் லேசாக வேர்வை. ஆக இரண்டும் இருக்கிறது, பெரியது மண்ணின் ஈரம். எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் கடைசியில் எழுதிய வரி: "வலது மூலை மட்டும் பங்குனியிலும் காயாது அக்கா."

நீலகிரியில் தையிலிருந்து பங்குனி வரை மழை குறைவு, தையில் உறைபனி விழுந்து புல்லே கருகும். அப்போதும் ஒரு மூலை நனைந்திருந்தால் அது மழைத் தண்ணீராக இருக்க வழியில்லை. குழாய்க் கசிவு, அல்லது மேல் வீட்டுக் கழிவுநீர். மேல் வீட்டுச் சமையலறைத் தண்ணீர் ஒரு குழியில் விழுகிறது என்கிறார். குழி அந்த மூலைக்கு நேர் மேலே. வேறு என்ன வேண்டும்?

சொட்டு நீலம் ஊற்றிப் பார்க்கலாமா என்று இங்கே ஒருவர் கேட்டார். உடைந்த குழாய் வழியாக நேரே ஓடி வந்தால் நீலம் தெரியும். மண்ணில் ஊறி வந்தால் நம் செம்மண் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தெளிந்த தண்ணீர்தான் இங்கே கசியும். நீலம் வரவில்லை என்பதற்காக மேல் வீட்டுத் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவர்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் வீடு பூட்டியிருக்கும்போது மூலை காய்கிறதா பாருங்கள், அதுதான் நம்பகமான சோதனை.

மேல் வீட்டாரிடம் பேசுவது பற்றி. எங்கள் வீடு கோத்தகிரியில் சாலைக்குக் கீழே, எங்களுக்கும் மேலே ஒரு குடும்பம். நான் போனபோது புகார் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மாவை அழைத்து வந்து எங்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தண்ணீர் தங்கள் பக்கத்து மண்ணையும் இளக்குகிறது, சரிந்தால் முதலில் தங்கள் முற்றம்தான் போகும் என்பது அவர்களுக்கே புரிந்தது. குழியை மூடிக் குழாய் போட்டு வாய்க்காலுக்குக் கொண்டு போனோம், செலவு பாதிப் பாதி. வார்டு உறுப்பினர், மனு என்று போவது கடைசிக்கு இருக்கட்டும். மலையில் மேல் வீடும் கீழ் வீடும் ஒரே மண்ணில்தான் நிற்கின்றன.

15 நவம்பர் 2024

"ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் மண்ணை வழித்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சட்டம்: நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரம் இறக்கக் கூடாது. காரணம் நமக்கே தெரியும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், ஊட்டிப் பகுதிகள் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பாறை மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய மண். தண்ணீர் குடித்துவிட்டால் எடை கூடும், பிடிப்பு குறையும். 2024 பிப்ரவரியில், மழையே இல்லாத மாதத்தில், ஊட்டி காந்தி நகர் பக்கம் பள்ளம் தோண்டிய இடத்தில் மேலிருந்த பழைய கட்டடமும் மண்ணும் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள். நம் வீட்டு ஓதத்துக்காக வேறொரு வீட்டு அம்மாவைப் பள்ளத்தில் இறக்குகிறோம் என்ற நினைப்பு வேலை முடிகிறவரை நமக்கு இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். இரண்டு மீட்டர் நின்றால் அடியில் இரண்டு டன். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் மொத்தமாக இரண்டு டன் தள்ளும். இது தண்ணீர் மட்டும், மண் தள்ளுவது தனி. உங்கள் பின்சுவர் இத்தனை வருடமாக வீட்டுச் சுவராகவும் தடுப்புச் சுவராகவும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறது. மண்ணை ஒரே நாளில் வழித்தால் சுவருக்கு வந்த பாரம் குறையும், சரி. ஆனால் வெட்டிய மேட்டை இனி யார் தாங்குவது?

ஆகவே: கார்த்திகை, மார்கழியில் கடப்பாரை தொடாதீர்கள். தை பிறக்கட்டும். ஐந்தடி நீளம் வெட்டி, அந்தத் துண்டின் வேலையை முடித்துவிட்டு, ஒரு துண்டு விட்டு அடுத்தது. பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு இஞ்ச் கூடப் போகக் கூடாது. இடுப்புக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டு கட்டாயம். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் குவிக்காதீர்கள், அந்தப் பாரமே கரையை உடைக்கும். மண் மேடு ஆளுயரத்தைத் தாண்டினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வாருங்கள்.

15 நவம்பர் 2024, பிறகு

மலை ரயிலில் போகும்போது பாதையோரத் தடுப்புச் சுவர்களைப் பாருங்கள். கல் சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்தது. தண்ணீரைத் தடுத்து நிறுத்த நினைக்காமல் வடியவிட்டதால் அந்தச் சுவர்கள் நிற்கின்றன. இன்று நம் ஊரில் தடுப்புச் சுவர் கட்டுபவர்கள் பலர் கான்கிரீட்டை மொத்தமாகப் போட்டு ஓட்டையே வைக்காமல் விடுகிறார்கள். வைத்தாலும் குழாயின் பின்முனையில் ஜல்லி கொட்டுவதில்லை. ஒரே மழையில் சேறு அடைத்துக்கொள்ளும்.

2 டிசம்பர் 2024

ஊசி போடுவது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றுவது அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்கு. அஸ்திவாரத்தின் மேல் டி.பி.சி. (ஈரம் ஏறாமல் தடுக்கும் பட்டை) போடாத பழைய சுவரில் ஈரம் மூன்று நான்கு அடி வரை ஏறும், அதை அந்த மருந்துப் பட்டை தடுக்கும். இங்கே மண் பக்கவாட்டில் மூன்றடி ஒட்டியிருக்கிறது. அடியில் பட்டை போட்டால் அதற்கு மேலே உள்ள மூன்றடியிலும் ஈரம் நேராக உள்ளே வரும். மண்ணை எடுத்த பிறகும் கீழிருந்து ஏறினால் அப்போது யோசிக்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

12 ஜனவரி 2025

போகிக்கு முன்னால் திட்டத்தை முடிவு செய்யலாம் என்று தம்பி கேட்டதால் விரிவாக எழுதுகிறேன்.

இடம் இருந்தால் எனக்குப் பிடித்தது திறந்த சந்து. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மண்ணை வெட்டி, அங்கே ஓட்டைகள் விட்ட சிறிய கல் தடுப்புச் சுவர் எழுப்பி, இடையில் ஆள் நடக்கிற சந்தும் கல் வாய்க்காலும். பழைய பங்களாக்களில் பின்பக்கம் போய்ப் பாருங்கள், இப்படித்தான் இருக்கும். சுவரில் வெயில் படாவிட்டாலும் காற்றுப் படும். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், இலை தழை விழுந்தால் விளக்குமாற்றால் தள்ளலாம். புதைத்த குழாயில் அந்த வசதி இல்லை. சந்தின் தரை, வீட்டுத் தரையைவிட ஆறு இஞ்சாவது கீழே இருக்க வேண்டும். இந்த ஆறு இஞ்சை விட்டுக் கொடுக்காதீர்கள், மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தம்பிக்கு இடது பக்கம் இதற்கு இடம் இருக்கிறது. வலது மூலையில் மேல் வீட்டு எல்லை நெருக்கம், சந்து விட முடியாது. அங்கே மட்டும் புதை வடிகால்.

புதை வடிகால் போடும் முறை. சுவரோரம் பள்ளம், ஒன்றரை அடி அகலம். பள்ளம் முழுக்க ஜியோ டெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது) விரித்து இரண்டு பக்கமும் மேலே தொங்கவிடுங்கள். அடியில் கழுவிய முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு சாண். அதன் மேல் நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய், துளை போட்டது, துளைகள் கீழ் நோக்கி. இங்கே எல்லோரும் தடுமாறுவார்கள்: தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது, துளை மேலே இருக்க வேண்டாமா என்று. பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்து நிரம்பும். துளை கீழே இருந்தால் கொஞ்சம் தேங்கியதுமே குழாய்க்குள் ஏறி ஓடிவிடும், மேலே இருந்தால் குழாய் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற பிறகுதான் உள்ளே போகும். வாட்டம் நூறு அடிக்கு ஒரு அடிக்குக் குறையக் கூடாது. கண்ணை நம்பாதீர்கள், மலையில் கண் ஏமாற்றும். டியூப் லெவலில் தண்ணீர் மட்டம் பிடித்துப் பாருங்கள். குழாய் மேல் மறுபடி ஜல்லி, மேல் மட்டத்துக்கு ஒரு சாண் குறைவு வரை. துணியை மடித்து மூடுங்கள். அந்த ஒரு சாணுக்குக் களி மண்ணைச் சுவரிலிருந்து வெளியே சாய்வாக இடித்து இறுக்குங்கள், மேல் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கக் கூடாது.

மூலையில் ஒரு சிறு தொட்டி கட்டி மூடி போடுங்கள். அடைத்தால் கம்பி விட அதுதான் வாசல்.

தண்ணீர் எங்கே போய் விழும் என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். கீழ் வீட்டுக்காரர் சுவரில் கொண்டு விடக் கூடாது. நேற்று வரை நமக்கு நடந்ததை நாமே இன்னொருவருக்குச் செய்வதாக ஆகும். ஓடை அல்லது தெரு வாய்க்கால் வரை குழாய் இழுத்தே ஆக வேண்டும். எங்கள் செலவில் பெரிய பங்கு அந்தக் குழாய்க்குப் போனது, ஒரு ரூபாய் கூட வருத்தமில்லை.

கூரைத் தண்ணீரை இந்த வடிகாலில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனிக் குழாய்.

9 பிப்ரவரி 2025

முதல் துண்டு தோண்டியாகிவிட்டது. படம் பார்த்ததும் ஜனவரியில் சொன்னதில் ஒரு பகுதியை மாற்ற வேண்டியிருக்கிறது. மண்ணுக்கடியில் உள்ள கருங்கல் கட்டுக்குச் சிமெண்ட் சாந்து இல்லை, செம்மண் சாந்து. தாத்தா காலத்து எஸ்டேட் வேலை போல. விரல் வைத்தால் உதிர்கிறது என்கிறார்.

ஐந்தடித் துண்டை மூன்றடியாகக் குறையுங்கள். மோட்டார் வைத்து வேகத் தண்ணீர் அடித்துச் சுவரைக் கழுவ வேண்டாம், சாந்து கரைந்து ஓடிவிடும். தேங்காய் நார் பிரஷ் போதும். இணைப்புகளில் தளர்ந்ததை ஒரு இஞ்ச் ஆழம் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கச் சொல்லுங்கள், சிறு கல் சில்லுகளையும் உள்ளே தள்ளி. தனிச் சிமெண்ட் சாந்து அந்தச் சுவருக்கு ரொம்ப விறைப்பு. சுவர் அசையும்போது அது அசையாது, ஓரம் விட்டுப் பிளக்கும், பிளவில் தண்ணீர் நிற்கும்.

கருங்கல் தண்ணீர் குடிக்காது. நம் மலைக் கல் சார்னோகைட், அதில் ஊறுவது மிகக் குறைவு. ஈரம் உள்ளே வந்தது முழுக்க இந்த மண் சாந்து வழியாகத்தான். அதனால் இணைப்பு வேலைக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த வீட்டில் பலன் தரும் கூலி.

சுண்ணாம்பு என்றதும் ஒருவர் கடுக்காய் பற்றிக் கேட்டார். ஆமாம், கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய கைமுறை. சுண்ணாம்பு அவசரத்துக்கு இறுகாது, காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். குளிரிலும் ஈரத்திலும் இன்னும் மெதுவாகும். அதனால் மாசி, பங்குனி வெயில்தான் அதற்கு நேரம். செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் கையை விடாதீர்கள். வயதானவர்களாகத்தான் இருப்பார்கள்; கூட ஒரு இளம் பையனை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், தொழில் அவரோடு போய்விடக் கூடாது.

23 பிப்ரவரி 2025

வெளிப்பக்கப் பூச்சு. சந்து வருகிற இடது பக்கத்துக்கு எதுவும் பூச வேண்டாம், சுவர் மூச்சு விடட்டும். புதைகிற வலது மூலைக்கு மட்டும் பூச்சு வேண்டும். இணைப்பு அடைத்த பிறகு சமப் பூச்சு, அது காய்ந்த பின் ரப்பர் கலந்த தார்ப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. காயாத சுவரில் தார் ஒட்டாது. அதன் மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சாத்திவிட்டுத்தான் ஜல்லி கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லியின் கூர் முனை தாரைக் கிழித்துவிடும். மண்ணுக்கடியில் போன கிழிசலை யாரும் பார்க்க முடியாது.

1 மார்ச் 2025

மேல் வீட்டுக் குழியை மூடிக் குழாய் போட்டுவிட்டார்களாம். தம்பியின் அம்மாவும் மேல் வீட்டு அம்மாவும் பேசியே முடித்திருக்கிறார்கள். நல்ல செய்தி.

6 ஏப்ரல் 2025

உள்ளே என்ன செய்வது என்று கேட்கிறார். போன வருடம் அடித்த கெமிக்கல் பூச்சு, புட்டி, பெயின்ட் எல்லாவற்றையும் கொத்தி எடுங்கள். ஓதம் ஏறிய கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி வரை. கல் தெரியட்டும். உப்புப் பூத்திருப்பதைக் காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் ஏந்தி வெளியே கொண்டு போய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

பிறகு பொறுமை. சுவர் காய மாதத்துக்கு ஒரு இஞ்ச் என்பது கட்டட வேலையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு வருடத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். கல் தெரிய வீடு அசிங்கமாக இருக்கிறது, விருந்தாளி வருகிறார்கள் என்று அம்மா சொல்வது நியாயம்தான். சுவரில் ஒட்டாமல் ஒரு துணித் திரை தொங்கவிடுங்கள். பூச்சு இப்போது வேண்டாம்.

சித்திரை வெயில் அடிக்கும் மத்தியான நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மாலை மூடுபனி இறங்குவதற்குள் சாத்திவிடுங்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பனி உள்ளே வந்து உட்காரும்.

22 ஜூன் 2025

கூடலூரிலிருந்து ஒருவர், தம் வீட்டிலும் இதே வேலையைச் செய்யலாமா என்று கேட்கிறார். படத்தைப் பார்த்தால் அவர் சுவரில் மண்ணே ஒட்டவில்லை. மேற்குப் பார்த்த செங்கல் சுவர், ஆனி ஆடிச் சாரல் நேராக அறைகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எங்களுக்கு வடகிழக்கு. ஒரே மாவட்டம், மழைக்காலம் வேறு. அவருக்கு வேண்டியது வடிகால் இல்லை. கூரை ஓரத்தை இன்னும் இரண்டடி நீட்டுவது, அல்லது அந்தச் சுவருக்கு வெளியே சட்டம் அடித்துத் தகரம் சாத்தி இடையில் காற்றுப் போக விடுவது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

குன்னூர்த் தம்பிக்கு: இந்த ஜூன் தூறலை வைத்துச் சுவர் சரியாகிவிட்டது என்று பூச்சு வேலை தொடங்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பரீட்சை ஐப்பசியில்.

19 அக்டோபர் 2025

ஐப்பசி பிறந்துவிட்டது, இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு எழுதியிருக்கிறார். குழாய் வாயில் கட்டை விரல் பருமனுக்குத் தண்ணீர் வருகிறது. முதல் நாள் சிவப்பு, அப்புறம் தெளிவு. சந்தில் வாய்க்கால் ஓடுகிறது. உள்ளே கல் காய்ந்திருக்கிறது. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், இவரிடம் சொல்லி இருவருமாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

மழை விட்ட பிறகும் இன்னும் சில நாள் குழாயில் தண்ணீர் வரும், பயப்பட வேண்டாம். நம் மண் மெதுவாக வடியும். தெளிந்திருந்த தண்ணீர் திடீரென்று மறுபடி சிவந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்படியானால் துணி எங்கோ கிழிந்து மண் வெளியேறுகிறது.

16 நவம்பர் 2025

ஜன்னல் மட்டத்தில், செங்கல் தொடங்குகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை வந்து வந்து போகிறதாம். மழை பெய்யும் நாளைவிட மூடுபனி நாளில் அதிகமாம். இது வெளியிலிருந்து வரும் தண்ணீர் இல்லை. இத்தனை வருடமாக மண்ணிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் சுவர் இழுத்த உப்பு அந்த இடத்தில் தங்கியிருக்கிறது. குளோரைடு, நைட்ரேட் உப்புகள் காற்றிலிருந்தே ஈரம் பிடிக்கும், மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிகிறதே, அதே குணம். வடிகாலைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் மிச்சமிருக்கும் பழைய பூச்சைக் கறைக்கு வெளியே ஒரு சாண் சேர்த்துக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் இணைப்பையும் சுரண்டிவிடுங்கள். உப்பு மறுபடி பூத்தால் மறுபடி பிரஷ். பூப்பது நின்ற பிறகு பூச்சு.

பூச்சு எப்போது என்று எல்லோரும் கேட்பதால்: வரும் மாசியில், சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயின்ட், புட்டி, வால்பேப்பர் எதுவும் அந்தச் சுவருக்குக் கூடாது. மர அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு இஞ்ச் தள்ளி வையுங்கள். அம்மா அந்த அறைக்கே திரும்ப வேண்டும் என்கிறாராம். பூச்சு முடிந்து ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவரை முன்பக்க அறையே இருக்கட்டும்.

மூலைத் தொட்டியைப் புரட்டாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை திறந்து சேறு அள்ளுங்கள். சந்து வாய்க்காலில் சில்வர் ஓக் இலை விழும்; மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது கூட்டிவிட வேண்டும்.